மூன்றாவது பட்டையிலிருந்து தொடங்குங்கள்

பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் மின்னணுவியல் ஆய்வகம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

ஆம்ப்ளிஃபயர், யுபிஎஸ், இன்வெர்ட்டர் என்று கொண்டுவந்து கொடுப்பதையெல்லாம் பழுது பார்க்கும் பட்டறைக்காரன் எழுதும் மடல் இது. உங்களிடம் படித்து முடித்த பிள்ளைகள் சான்றிதழ் கையுமாக முதலில் வந்து உட்காருவது எங்களைப் போன்றவர்களின் மேஜையில்தான். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஓம் விதி தெரிகிறது, டிரான்சிஸ்டரின் மூன்று காலும் தெரிகிறது, புரோகிராம் எழுதுவதில் பலர் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார்கள். ஆனால் டப்பாவில் கொட்டிக் கிடக்கிற ரெசிஸ்டர்களிலிருந்து ஒரு 4.7 கே எடுத்துக் கொடு தம்பி என்றால், உதடு முணுமுணுக்கிறது, விரல் ஒவ்வொன்றாய் மடங்குகிறது, கண் மேலே போய் கூரையைப் பார்க்கிறது. பார்க்க வேண்டிய பொருள் உள்ளங்கையில் இருக்கிறது!

நிறக்குறியீட்டுப் பாடத்தை நீங்கள் நடத்தாமல் விட்டீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பிளஸ் டூ இயற்பியலில் ஒருமுறை, உங்களிடம் முதலாண்டில் இன்னொருமுறை, வைவாவில் மூன்றாம் முறை என்று அந்த அட்டவணையை அவர்கள் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2 என்று கேட்டவுடன் ஒப்பிக்கிறார்கள். ஒப்பிக்கத் தெரிந்தவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பதுதான் என் குறை. அதற்குக் காரணம் பாடம் நடக்கும் வரிசை என்று நினைக்கிறேன். முதல் பட்டையிலிருந்து தொடங்கி எண் எண்ணாகக் கூட்டிக்கொண்டு போகிறோம். கடைசியில் தொடங்க வேண்டியதை முதலில் தொடங்குகிறோம்.

முதலில் அந்த மனப்பாட வாய்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'பி.பி. ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன் ஹேட் எ வெரி குட் வைஃப்' என்பதை எத்தனை தலைமுறை ஒப்பித்திருக்கும் என்று தெரியாது. இதைவிட மோசமாக, வகுப்பில் சொல்லக் கூசுகிற ஆங்கில வாய்பாடுகளும் உண்டு. அவை ஒழிவதே நல்லது. பி.பி. ராய் யாரையும் நோகடிக்கவில்லை. ஆனால் அவரால் உதவியும் குறைவு. கருப்புக்கும் பழுப்புக்கும் நீலத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே முதலெழுத்து. பச்சைக்கும் சாம்பலுக்கும் ஒரே முதலெழுத்து. ஆக, பத்து நிறங்களில் ஐந்துக்கு அந்த வாய்பாடு துல்லியமாக எதையும் சொல்வதில்லை. அந்த ஐந்தையும் தனியாக நினைவில் வைத்துக்கொண்டால்தான் வாய்பாடே நினைவுக்கு வரும்.

இந்த நிற வரிசைக்கு உள்ளேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று 2 முதல் 7 வரை வருவது வானவில்லின் வரிசை. நியூட்டன் ஏழு நிறம் என்று சொன்னதில் கருநீலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். வானவில்லுக்கு முன்னால் இருட்டுப் பக்கம்: கருப்பு 0, பழுப்பு 1. வானவில் முடிந்ததும் வெளுத்துக்கொண்டே போகிறது: சாம்பல் 8, வெள்ளை 9. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் வரிசை இது. இதை ஒருமுறை பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டிவிட்டால் ராய் தம்பதிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

எண்ணை எண்ணாகவே அச்சிடாமல் ஏன் வண்ணம் பூசினார்கள் என்று எந்தப் பிள்ளையாவது உங்களிடம் கேட்டிருக்கிறதா? என்னிடம் வருகிறவர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. 1920களில் அமெரிக்காவில் ரேடியோ வீடு வீடாக நுழைந்தது. அப்போது அச்சிட்ட சர்க்யூட் போர்டு கிடையாது. தகரச் சட்டத்துக்குள் வால்வு சாக்கெட்டின் காலிலிருந்து இன்னொரு காலுக்கு நேரடியாக ரெசிஸ்டரை இழுத்து ஈயம் வைப்பார்கள். கார்பன் தூளும் பிசினும் கலந்து செய்த உருண்டைக் குச்சி அது. அதில் எண்ணை அச்சிட்டால் வெப்பத்தில் அழியும், உரசலில் தேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண் உள்ள பக்கம் கீழே போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அசெம்பிளி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துக்கொண்டா இருப்பார்? சுற்றிலும் பூசிய நிறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியும். 1924இல் அங்கே தொடங்கப்பட்ட ரேடியோ மேனுஃபாக்சரர்ஸ் அசோசியேஷன் என்ற தயாரிப்பாளர் சங்கம்தான் இந்த நிறக் கணக்கைப் பொதுவாக்கியது.

தொடக்கத்தில் பட்டைகள் இல்லை. உடம்பு முழுக்க ஒரு நிறம், அது முதல் எண். ஒரு முனையில் தோய்த்தெடுத்த நிறம், அது இரண்டாம் எண். நடுவில் ஒரு புள்ளி, அது எத்தனை பூஜ்ஜியம் என்பது. பழைய வால்வு ரேடியோவைத் திறந்தால் இன்றும் இவற்றைப் பார்க்கலாம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிவப்பாகவே இருக்கும் ஒன்று கையில் வந்தால் பயப்பட வேண்டாம்: உடம்பு சிவப்பு, முனை சிவப்பு, புள்ளியும் சிவப்பு என்பதால் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, 2,200 ஓம். இந்தச் சங்கடங்களால்தான் பின்னால் எல்லாரும் பட்டைக்கு மாறினார்கள். 1952இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இதை உலகப் பொதுத் தரமாக வெளியிட்டது. இன்று அதன் பெயர் ஐஇசி 60062. தொழிற்சாலைத் தரையில் வேகமாகப் பார்த்து எடுப்பதற்காகப் பிறந்த ஒன்றை, கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் புதிராக நாம் மாற்றிவிட்டோம்.

இப்போது மூன்றாவது பட்டைக்கு வருகிறேன். நான்கு பட்டை ரெசிஸ்டரில் முதல் இரண்டும் எண்கள், மூன்றாவது பெருக்கல், நான்காவது சகிப்பு. பட்டறையில் நாங்கள் முதலில் பார்ப்பது மூன்றாவதைத்தான். அது தங்கம் என்றால் பத்து ஓமுக்குக் கீழே. கருப்பு என்றால் பத்துகளில். பழுப்பு என்றால் நூறுகளில். சிவப்பு என்றால் ஒரு கே முதல் ஒன்பது கே வரை. ஆரஞ்சு பத்து கே-க்கு மேல், மஞ்சள் நூறு கே-க்கு மேல், பச்சை என்றால் மெக். பார்த்த கணத்திலேயே எந்த ஊர் என்று தெரிந்துவிடுகிறது. தெருவையும் கதவிலக்கத்தையும் பிறகு தேடிக்கொள்ளலாம். எங்கள் இழுப்பறைகளையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். சிவப்பு இழுப்பறை, ஆரஞ்சு இழுப்பறை என்றுதான் பேச்சு.

இதில் ஆபத்துக் கணக்கும் இருக்கிறது. இரண்டாவது பட்டையைத் தவறாகப் படித்தால் பெரும்பாலும் சுற்று கொஞ்சம் முன்பின்னாக வேலை செய்யும். மூன்றாவதைத் தவறாகப் படித்தால் பத்து மடங்கு பிசகு. உங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் செய்யும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 5 வோல்ட், ஒரு சிவப்பு எல்இடி, 330 ஓம். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு. எல்இடியில் சுமார் 2 வோல்ட் போக, மீதி 3 வோல்ட்டுக்கு 9 மில்லி ஆம்பியர் ஓடும். பழுப்புக்குப் பதில் கருப்பை எடுத்துவிட்டால் அது 33 ஓம். கணக்குப்படி 90 மில்லி ஆம்பியருக்கு மேல். சாதாரண எல்இடிக்கு 20 போதும். அர்டுயினோ ஊனோவின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40தான். ரெசிஸ்டரிலும் கால் வாட்டைத் தாண்டிய சூடு. கருப்புக்கும் பழுப்புக்கும் உள்ள வித்தியாசம் மங்கிய டியூப்லைட்டில் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். எனவே மாணவன் அதிக நேரம் உற்றுப் பார்க்க வேண்டிய பட்டை எது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நியாயம்.

அடுத்தது முதல் இரண்டு பட்டைகள். இங்கேதான் பாடத்திட்டம் பெரிய உதவி ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது. இரண்டு இலக்கம் என்றதும் பிள்ளைகள் 10 முதல் 99 வரை எதுவும் வரலாம் என்று நினைக்கிறார்கள். வராது. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பன்னிரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. ஈ-12 வரிசை என்று இதற்குப் பெயர். இந்த எண்களை யாரோ குருட்டாம்போக்கில் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல ஏறத்தாழ 1.21 மடங்கு, பன்னிரண்டு தாவலில் பத்து மடங்கு வந்துவிடும். 10 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்ற காலத்தில் வகுத்தது. 27இல் பத்து சதவீதம் கூட்டினால் 29.7, 33இல் பத்து சதவீதம் கழித்தாலும் 29.7. ஒன்றின் எல்லை முடிகிற இடத்தில் அடுத்ததன் எல்லை தொடங்குகிறது. தொழிற்சாலையில் இருந்து வெளிவரும் எந்த ரெசிஸ்டரும் ஏதாவது ஒரு பெயருக்குள் விழுந்துவிடும், வீணாகாது. சில இடங்களில் விளிம்பு கொஞ்சம் மேலேறும், சில இடங்களில் இடைவெளி விழும். ஆனாலும் இவ்வளவு அழகான சிக்கனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதை நிறமாக்குங்கள். பழுப்பு-கருப்பு, பழுப்பு-சிவப்பு, பழுப்பு-பச்சை, பழுப்பு-சாம்பல், சிவப்பு-சிவப்பு, சிவப்பு-ஊதா, ஆரஞ்சு-ஆரஞ்சு, ஆரஞ்சு-வெள்ளை, மஞ்சள்-ஊதா, பச்சை-நீலம், நீலம்-சாம்பல், சாம்பல்-சிவப்பு. பன்னிரண்டே ஜோடி. மஞ்சள்-ஊதா என்று கண்ணில் பட்டதும் 'நாற்பத்தேழு' என்று வாய் சொல்ல வேண்டும். மஞ்சள் நான்கு, ஊதா ஏழு என்று பிரிக்கக் கூடாது. ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் கையில் கொடுத்துப் பழக்கினால் போதும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வந்துவிடுகிறது. என் மேஜையில் பார்த்துச் சொல்கிறேன். 5 சதவீத ரெசிஸ்டர்களில் இடையிடையே 11, 13, 16, 20, 24, 30, 36, 43, 51, 62, 75, 91 என்று இன்னொரு பன்னிரண்டு உண்டு. அவற்றில் 51ஐயும் 20ஐயும் சந்திப்போம், மற்றவை எப்போதாவது. அவை தானாகப் பழகும்.

ஜோடிகள் தெரிந்தவனுக்குத் தவறும் உடனே தெரியும். சிவப்பு-பச்சை-ஆரஞ்சு-தங்கம் என்று ஒருவன் படித்தால், 25 கே என்ற 5 சதவீத ரெசிஸ்டர் வழக்கமான வரிசையில் இல்லையே, நான் பார்த்த சிவப்பு பழுப்பாக இருக்குமோ என்று அவனே நிறுத்தி மறுபடி பார்ப்பான். பழுப்பு-பச்சை-ஆரஞ்சு, 15 கே. இப்படித் தன்னையே திருத்திக்கொள்ளும் வசதியை அந்த வரிசை இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் நம் கேள்வித்தாள்கள் அதைக் கெடுக்கின்றன. 54 கே, 37 ஓம், 85 கே என்று எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாத மதிப்புகளுக்கு நிறம் கேட்கிறார்கள். இலக்கத்தை நிறமாக்கும் பயிற்சிக்கு அது சரிதான் என்று வாதாடலாம். ஆனால் அந்தக் கேள்வி இல்லாத பொருளைக் கண்ணுக்குப் பழக்குகிறது, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறது. தயவுசெய்து இனி கேள்வி எடுக்கும்போது பக்கத்தில் ஈ-24 வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

சகிப்புப் பட்டையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தங்கம் 5, வெள்ளி 10, பட்டையே இல்லாவிட்டால் 20, பழுப்பு 1, சிவப்பு 2. ஆனால் அதன் பொருளை மட்டும் உணர்த்திவிடுங்கள். 4.7 கே தங்கம் என்றால் 4,465க்கும் 4,935க்கும் இடையில் எங்கே இருந்தாலும் அது நல்ல ரெசிஸ்டர். மீட்டரில் 4.62 என்று காட்டியதும் 'சார், வேல்யூ மாறிப்போச்சு' என்று கழற்றிப் போடுகிற பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் கழற்றிய பிறகு நல்ல போர்டின் செம்புத் தடம் பெயர்ந்து நிற்கும்.

இனி ஐந்து பட்டை. இதைத்தான் நீங்கள் கூடுதலாக நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இன்று கடையில் தரும் நீல உடம்பு மெட்டல் ஃபிலிம் பெரும்பாலும் இதுதான். மூன்று எண், நான்காவது பெருக்கல், ஐந்தாவது சகிப்பு. பெருக்கல் நிறம் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது: நான்கு பட்டையில் 1 கே-க்குச் சிவப்பு, ஐந்து பட்டையில் அதே 1 கே-க்குப் பழுப்பு. இதை மட்டும் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் உண்மையிலேயே குழப்பம்தான். 1 சதவீதத்தின் நிறம் பழுப்பு. முதல் எண் 1 என்றாலும் பழுப்பு. ஆகவே 1 கே என்பது பழுப்பு-கருப்பு-கருப்பு-பழுப்பு-பழுப்பு. இதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துப் பாருங்கள்: பழுப்பு-பழுப்பு-கருப்பு-கருப்பு-பழுப்பு. 110 ஓம், 1 சதவீதம். அப்படியும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது! 10 கே-யைத் திருப்பினால் 120 ஓம். 100 கே-யைத் திருப்பினால் 130 ஓம். மூன்றும் சந்தையில் கிடைக்கிற மதிப்புகள்தான். தங்கப் பட்டை இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தங்கம் எண்ணாக வராது என்பதால் அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் கடைசி. 4.7 கே ஒரு சதவீதத்தைத் திருப்பினால் கிகா ஓம் கணக்கில் நடக்காத மதிப்பு வரும் என்பதால் உடனே பிடிபட்டுவிடும். நாம் எல்லாரும் கூடையாக வாங்கிப் பயன்படுத்தும் 1 கே, 10 கே, 100 கே மூன்றும்தான் மாட்டிவிடுகின்றன. சகிப்புப் பட்டைக்கு முன் இடைவெளி கூடுதலாக இருக்கும், அந்தப் பட்டை சற்று அகலமாகவும் இருக்கலாம் என்று புத்தகம் சொல்லும். நல்ல தயாரிப்பில் இருக்கிறது. மலிவான பையில் வருவதில் ஐந்து பட்டையும் ஒரே இடைவெளியில் நிற்கின்றன. அங்கே நிறத்தை நம்பி வாதாடிப் பயனில்லை. மீட்டரை எடுக்க வேண்டும். இதைத் தோல்வியாகப் பிள்ளைகள் நினைக்கக் கூடாது.

அந்த நீல உடம்பின் மேல் பூசிய நிறங்களைப் பற்றியும் ஒரு வருத்தம் உண்டு. சந்தன நிறக் கார்பன் ஃபிலிம் உடம்பில் சிவப்பு சிவப்பாகத் தெரியும். நீலத்தின் மேல் மெல்லிய பூச்சாக வரும்போது சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் ஒரே மண் நிறமாகிவிடுகின்றன. ஊதாவைச் சாம்பலிலிருந்து பிரிக்கச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய போர்டில் வேறு கதை: சூட்டில் கிடந்த ஆரஞ்சு பழுப்பாகும், சிவப்பு கருகும், தங்கம் மங்கி மஞ்சளாய் நிற்கும். கைபேசிச் செயலிகள் கேமராவில் பார்த்து மதிப்புச் சொல்கின்றன என்று பிள்ளைகள் காட்டுகிறார்கள். அறை விளக்கின் நிறத்துக்கேற்ப கேமரா தானாக நிறத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால், நம் கண் தடுமாறும் அதே இடத்தில் அதுவும் தடுமாறுகிறது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்துக்கு நிகராக எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் ஆய்வக மேஜைகளில் ஒன்றையாவது ஜன்னலோரம் நகர்த்துங்கள்.

இப்போது, இந்த மடலை எழுத வைத்த விஷயம். சிவப்பையும் பச்சையையும், பழுப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணோடு பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆண்கள், அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அப்படி. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்பார்கள். நம் நாட்டில் விகிதம் அதைவிடக் குறைவு. ஆனாலும் அறுபது பையன்கள் இருக்கும் வகுப்பில் ஒருவனாவது இருப்பான் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பல நேரம் அவனுக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து அந்த உலகத்தைத்தான் பார்க்கிறான். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கே வளர்ந்த பிறகுதான் தன் கண் வேறு என்று தெரிந்தது. 1794இல் மான்செஸ்டரில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவர் விருப்பப்படி இறந்தபின் எடுத்து வைத்த கண்ணிலிருந்து 1995இல் மரபணுவைச் சோதித்து, குறை என்ன வகை என்பதையும் உறுதி செய்தார்கள்.

அப்படி ஒருவன் உங்கள் ஆய்வகத்தில் என்ன ஆகிறான்? அட்டவணையை முழுதாக ஒப்பிப்பான். கையில் கொடுத்தால் தவறாகச் சொல்வான். 'படிக்கவில்லை, சும்மா மனப்பாடம்' என்ற பெயர் வாங்குவான். என்னிடம் வந்த ஒரு பையன் வைவாவில் மூன்று ரெசிஸ்டரையும் தவறாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறான். ஒருநாள் ஒயர்களைப் பிரிக்கச் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது: பழுப்பையும் பச்சையையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தான். இன்று ஸ்விட்ச் மோட் சப்ளையில் அவன் கண்டுபிடிக்கும் கோளாறுகளை நான் கண்டுபிடிக்க நேரமாகும். அவன் கையில் எப்போதும் மீட்டர் இருக்கும், அவ்வளவுதான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. நிறக்குறியீட்டுப் பாடம் தொடங்கும் நாளில், பிழையைப் பிழை என்று சொல்லும் முன், பிழையின் வகையைப் பாருங்கள். ஒருவன் எப்போதும் பழுப்பு-சிவப்பு-பச்சையில் மட்டும் தடுமாறி, மஞ்சளையும் நீலத்தையும் சரியாகச் சொன்னால் அது படிப்புக் கோளாறாக இருக்க வழியில்லை. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். தேர்வில் மீட்டரால் அளந்து மதிப்பை எழுத அவனை அனுமதியுங்கள். ஈ-12 வரிசையை அவனுக்கு மற்றவர்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுங்கள், மீட்டரில் 2.17 என்று வந்தால் அது 2.2 கே என்று அவன் எழுத அதுதான் வழி.

மீட்டர் என்றதும் எல்லாருக்குமே சேர்த்துச் சில வார்த்தைகள். மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய கப்பாசிட்டர்களை வடித்துவிட்டுத்தான் ஓம் அளவில் வைக்க வேண்டும். போர்டில் இருக்கும்படியே அளந்தால் பக்கத்துப் பாதைகளும் சேர்ந்து மதிப்பைக் குறைத்துக் காட்டும். ஒரு காலையாவது தூக்கிவிட்டு அளக்க வேண்டும். போர்டில் வைத்து அளக்கும்போது எழுதியதைவிட அதிகமாகக் காட்டினால், கப்பாசிட்டரில் மிச்சம் எதுவும் இல்லையென்றால், அது அநேகமாகப் போய்விட்ட ரெசிஸ்டர்தான், கழற்றிவிடலாம். மெக் ஓம் ரெசிஸ்டரின் இரு காலையும் இரண்டு கை விரலால் அழுத்திப் பிடித்து அளந்தால் அளக்கப்படுவதில் பிள்ளையின் உடம்பும் சேரும். பழைய ரேடியோவில் இருக்கும் கார்பன் கலவை ரெசிஸ்டர்கள் வருஷக்கணக்கில் ஈரம் குடித்து மதிப்பு ஏறிப் போயிருக்கும்; அங்கே நிறம் சொல்வது பிறந்தபோது இருந்த மதிப்பை.

அப்படியானால் நிறமே வேண்டாம், மீட்டரே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. எரிந்த ரெசிஸ்டரை மீட்டர் எப்படி அளக்கும்? ஓப்பனாகிக் கிடப்பது என்னவாக இருந்தது என்று அதற்குத் தெரியாது. கருகிய உடம்பில் மிஞ்சியிருக்கும் இரண்டு பட்டைதான் அப்போது சாட்சி. மஞ்சளும் ஊதாவும் தெரிந்து மூன்றாவது கருகிப் போயிருந்தால், 47 ஓமா, 470ஆ, 4.7 கே-யா என்பதைச் சுற்றைப் பார்த்து முடிவு செய்கிறோம். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் என்றால் கவலையே இல்லை: கருகாத இன்னொரு சானலில் அதே இடத்தில் அதன் இரட்டை உட்கார்ந்திருக்கும். பட்டைகள் எத்தனை வாட் என்பதைச் சொல்வதில்லை. அதை உடம்பின் பருமனைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஏன் எரிந்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் எரியும், இது உங்கள் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரத்தில் சொல்லித்தரும் பாடம்.

எஸ்எம்டி வந்துவிட்ட காலத்தில் பட்டை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். கைபேசி போர்டில் நிறப் பட்டையே கிடையாது. மிகச் சிறியவற்றில் எழுத்தே இருக்காது. ஆனால் சற்றுப் பெரிய எஸ்எம்டியில் 103 என்று எழுதியிருப்பது என்ன? ஒன்று, பூஜ்ஜியம், அதன் பின் மூன்று பூஜ்ஜியம்: 10 கே. அதாவது பழுப்பு-கருப்பு-ஆரஞ்சு. 472 என்பது மஞ்சள்-ஊதா-சிவப்பு. கடைசி இலக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கம் இருந்தால் இரண்டும் ஒரே பாடம். தனித்தனி அலகுகளாக நடத்தாமல் ஒரே நாளில் சேர்த்து நடத்துங்கள். ஒரு சதவீத எஸ்எம்டியில் வரும் 01சி போன்ற குறி மட்டும் தனி இனம். அதற்கு அட்டவணை பார்ப்பதில் வெட்கமில்லை.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு யோசனை. நிறத்தைக் கொடுத்து மதிப்பு எழுதச் சொல்வதற்குப் பதில், ஒரு கைப்பிடி ரெசிஸ்டரை மேஜையில் கொட்டி, இழுப்பறை வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அதில் ஒன்று மதிப்பு ஏறிய பழையதாக இருக்கட்டும். ஒன்று கருகியதாக இருக்கட்டும். ஒற்றைக் கருப்புப் பட்டை மட்டும் போட்ட பூஜ்ஜிய ஓம் ஒன்றும் இருக்கட்டும். அதைக் கண்டு விழிக்காதவர் குறைவு. ஐந்து பட்டை 1 கே இரண்டைக் கலந்து வையுங்கள். எதை நிறத்தால் முடிவு செய்தான், எதற்கு மீட்டரை எடுத்தான் என்று பாருங்கள். மதிப்பெண்ணை அந்த முடிவுக்குக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் ரெசிஸ்டர் வாங்கப் பணம் ஒதுக்க வேண்டுமே என்று நினைக்க வேண்டாம். பழுது பார்க்க முடியாத ஆம்ப்ளிஃபயர், டிவி போர்டுகள் எந்தப் பட்டறையிலும் மூட்டையாகக் கிடக்கும். பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன் கேட்டால் தருவோம். இரண்டு மாணவர்களை அனுப்புங்கள். சப்ளைப் பகுதிக் கப்பாசிட்டர்களை நாங்களே வடித்து, பெரிய ஹீட்சிங்குகளைக் கழற்றிக்கொண்டு தருகிறோம். ஈய உறிஞ்சியும் ஒரு பழைய சால்டரிங் அயர்னும் அவர்கள் கொண்டுவரட்டும். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வந்தால் நல்லது, அன்று மேஜை கொஞ்சம் காலியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களோடு வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்காரன்